என் பிள்ளையின் கழுத்தை அளந்தார்கள்

மூன்றாம் மாத ஸ்கேனில் டாக்டரம்மா அதிகம் பேசவில்லை. பிள்ளை திரும்பிக் கிடக்கிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வா என்றார். நடந்துவிட்டு வந்து படுத்தேன். திரையில் அதன் பின்கழுத்தை அழித்து அழித்து அளந்தார். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டோம் என்று சுவரில் போர்டு இருந்தது. கூட நின்ற மாமியார் அதைப் பார்த்தார், டாக்டரின் முகத்தைப் பார்த்தார், அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், "பையன்தான்டி. அதான் அந்தம்மா வாயத் தொறக்கல" என்று மல்லி வாங்கி என் தலையில் வைத்தார்.

பூ வாடுமுன் உள்ளே கூப்பிட்டார்கள். கழுத்துக்குப் பின்னால் நீர் அதிகமாம். குறை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இன்னொரு டெஸ்ட் எடுத்தால் தெரியும் என்றார்கள். எடுத்தோம். குறைதான், இதயத்திலும். வைத்துக்கொள்வது உன் முடிவு என்றார் டாக்டர். வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் இது யார் வாயில்தான் விழவில்லை? பக்கத்து வீட்டு அக்கா, "கழுத்துல நீர்னா சுக்கு அரைச்சுப் பத்து போட்டா வத்திடாதா?" என்றாள்.

"எனக்கா கழுத்து வீங்கியிருக்கு?" என்றேன்.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு கிடையாது என்றார் மாமியார். "நெலைக்காத புள்ளைக்கு ஊரக் கூட்டி வளையலா?"

கடலிலிருந்து திரும்பிய கணவர், "அம்மா சொல்றதக் கேளேன்" என்றார்.

கேட்கவில்லை. காரைக்காலுக்கு பஸ் ஏறி வளையல் கடையில் கையை நீட்டினேன்.

"வளைகாப்பாம்மா? கூட யாரும் வரலியா?"

"புள்ள வந்திருக்குண்ணே."

கடைக்காரர் இரண்டு கை நிறையப் போட்டுவிட்டு, வலது கையில் இன்னொன்றும் ஏற்றினார்.

அடுத்த மாதமே உள்ளே அசைவு நின்றுவிட்டது. பிரசவ அறையில் சிஸ்டர் கழற்றச் சொன்ன வளையல்களை முந்தானையில் முடிந்து வைத்தேன். பெண் பிள்ளை. முதலில் கழுத்தைத்தான் பார்த்தேன். குட்டிக் கழுத்து. அங்கேதான் முத்தம் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் வளையல்களை மறுபடி போட்டுக்கொண்டேன். இப்போதும் மீன் ஆயும்போது குலுங்கும்.

"இன்னும் என்னடி அந்த வளையல்? தெருவுக்கே கேக்குது, கழட்டு" என்பார் மாமியார்.

"கேக்கட்டும் அத்தை. இது எம் புள்ளைக்குப் போட்டது."