சென்னைக்குப் போகும் வழியில் அமெரிக்கா

பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்குத் தட்டச்சு வேலை. பத்தாவதும் டைப்பிங்கில் லோயரும் முடித்தவளுக்கு விருத்தாசலத்தில் அது கௌரவமான வேலைதான். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பது சம்பளத்தைவிடப் பெரிய வசதி.

பிராட்பேண்ட் வந்த புதிதில் முதலாளி டெண்டர் விலைகளை மெயிலில் அனுப்பத் தொடங்கினார். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். சென்னையில் இருந்த அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அதை அச்செடுத்து உறையிலிட்டு டெண்டர் பெட்டியில் போடுவார். அதிலிருந்து ஒவ்வொரு டெண்டரிலும், இதே கட்டை செய்யும் எதிர் ஷெட்காரர் எங்களைவிடக் கட்டைக்குப் பத்துப் பைசா குறைத்துப் போட்டு ஆர்டரைத் தட்டிக்கொண்டு போனார். ஒருமுறை என்றால் கெட்டிக்காரத்தனம் என்று விட்டுவிடலாம். எப்போதும் பத்துப் பைசா என்றால் யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள்.

கம்பெனியில் விலை தெரிந்தவர்கள் முதலாளியும் நானும்தான். முதலாளி தன்னைச் சந்தேகப்படவில்லை.

என்னிடம் நேராக எதையும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் "இல்லைங்க" என்றாவது சொல்லியிருப்பேன். மெயில் அனுப்பும் நேரத்தில் மட்டும், "ஏம்மா, செத்த அந்தப் பக்கம் திரும்பிக்க" என்பார். நானே அடித்த விலையை நான் பார்த்துவிடக் கூடாதாம். கட்டைகளைப் பளபளப்புக்காகக் கிளேஸ் கரைசலில் முக்கும் பெண்களுக்கு இது போதாதா? "என்னாக்கா, எதிர் ஷெட்டுல எப்ப சேரப் போற? எங்களயும் சேத்து வுடு" என்று சிரித்தார்கள். வேலை போனால் காரணமும் கூடவே ஊர் சுற்றும். பிறகு இந்த ஊரில் எந்தக் கம்பெனியும் என்னை உள்ளே விடாது. இதெல்லாம் தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை.

கம்ப்யூட்டரைப் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து மெக்கானிக் வந்தபோது முதலாளி கேட்டார்: "நடுவுல எவனாவது பிரிச்சிப் பாக்க முடியுமாப்பா?"

மெக்கானிக் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ அடித்தார். வரிவரியாக எண்கள் இறங்கின. "நீங்க அனுப்புறது சின்னச் சின்ன பாக்கெட்டா போவுது சார். ஒவ்வொரு வரியும் அது தாண்டுற ஒரு ஸ்டேஷன். இது சென்னை, இது மும்பை, இது சிங்கப்பூரு, கடைசியில அமெரிக்கா. உங்க மெயில் கம்பெனி அங்கதான இருக்குது."

"சென்னைய தாண்டி அமெரிக்கா போயி, மறுபடி சென்னைக்கு வருதா? டிக்கெட்டு யாரு எடுக்குறா?"

முதலாளிக்கு வழி என்றால் லாரி வழிதான். களிமண் லாரி வந்ததும் எடையைப் பார்க்கும் முன் சக்கரத்தைப் பார்ப்பார். செம்மண் ஒட்டியிருந்தால் முந்திரிக்காட்டு ரோட்டில் நேராக வந்திருக்கிறது. கரிசல் ஒட்டியிருந்தால் திட்டக்குடிப் பக்கம் சுற்றி வந்திருக்கிறது, வழியில் நல்ல களிமண் கொஞ்சம் எங்கோ இறங்கிவிட்டது என்று அர்த்தம். திரையிலிருந்த வரிகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். இனி மெயில் அனுப்பும் முன் நான் வழியைப் பார்த்து, சுவரோடு ஒத்துப்போனால்தான் அனுப்ப வேண்டும்.

"வழி அடிக்கடி மாறும் சார்" என்றார் மெக்கானிக். "நெரிசலா இருந்தா சுத்திப் போவும். பூட்டுப் போட்டு அனுப்புனா எப்படிப் போனா என்னா?"

"எங்கிட்ட டிரைவருங்களும் இதத்தாம்பா சொல்றானுங்க."

அடுத்த டெண்டரில் வழி அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. அனுப்பினோம். பத்துப் பைசாவில் ஆர்டர் போனது. வழியில் குற்றமில்லை என்று ஆகிவிட்டதால் மீதி இருந்தது நான் மட்டும். முதலாளி என் முகத்தைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார்.

அதற்கடுத்த டெண்டரின் விலையையும் வழக்கம்போல் அடித்து முடித்தேன். வழியைப் பார்த்தால் நடுவில் ஒரு வரி வேறாக இருந்தது.

"மாறியிருக்குதுங்க" என்றேன்.

"அப்ப அனுப்பாத. சரியாவட்டும்."

சாயங்காலம் வரை வழி சரியாகவில்லை. மச்சான் விலை கேட்டுப் போன் மேல் போன் அடித்தார். "ரூட்டு சரியில்ல மாப்ள" என்று மட்டும் முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார். டெண்டர் பெட்டியை மூடிவிட்டார்கள்.

ஆர்டர் எதிர் ஷெட்காரருக்கே போனது. ஆனால் அவர் போட்டிருந்த விலை, நான் அடித்து வைத்திருந்ததைவிட மிக அதிகம். என் மூலமாகத் தெரிந்திருந்தால் அதற்குக் கீழே அல்லவா போட்டிருப்பார்! முதலாளி கிளேஸ் ஷெட்டுக்கே போய், எல்லார் காதிலும் விழும்படி, "இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. லைன் மேலதான் தப்பு" என்றார். விலையை அனுப்பாமலே விட்டதால் நான் நல்லவள் ஆனேன்.

லைன் ஒத்துப்போன அன்றும் விலை வெளியே போயிருந்ததை அவர் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. மனைவியின் தம்பியைச் சந்தேகப்படுவதைவிடச் சிங்கப்பூரைச் சந்தேகப்படுவது குடும்பத்துக்கு நல்லது.

மாசி மகத்துக்கு மச்சான் ஊருக்கு வந்தார். முதலாளியும் அவர் மனைவியும் அவரைக் கம்பெனிக்கு அழைத்து வந்தார்கள்.

"ஒரு போன்ல சொல்லியிருக்கலாமே மாமா. ஆர்டரு போச்சே" என்றார் மச்சான்.

"போனும் எந்த வழியா போவுதுன்னு தெரியலியே மாப்ள. இனிமே நானே ரயிலேறி வந்து பொட்டியில போட்டுடறேன். உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

மச்சான் சுவரில் ஒட்டியிருந்த வழியைப் படிக்கத் தொடங்கினார். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலாளியின் மனைவிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "பாத்தியாடா, மாமாவுக்கு ஒம்மேல எவ்ளோ அக்கறன்னு!"