எரிமலைக்கும் பாணுக்கும் புள்ளி போட்ட கதை

பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சிக்குப் புள்ளி போடுவது, பெற்றோரின் பகையைச் சம்பளமில்லாமல் தேடிக்கொள்ளும் வேலை; போட்டுப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எண்பதுகளின் கடைசியில், பிரெஞ்சுத் தலைநகரில் நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் வாடகை மண்டபத்தில் கண்காட்சி வைத்தது. ஊரில் முப்பது வருடம் தொழிலாளர் போராட்டம் நடத்திய என்னை ஒரு மேடைக்கும் அழைக்காதவர்கள், இதற்கு மட்டும் அழைத்தார்கள். நான் விஞ்ஞானம் படித்தது துண்டுப்பிரசுரங்களில்தான். ஆனால் ஒழுங்காகப் படித்தவன். கேள்வி, ஊகம், செய்முறை, முடிவு, விளக்கம் என்று ஐந்து கட்டம் போட்ட தாளும் ஒரு பென்சிலும் தந்தார்கள். கட்டத்துக்குப் பத்துப் புள்ளி. முதலாவதாக வரும் பிள்ளைக்குக் கோப்பை.

எரிமலை

புறநகரான பொண்டியிலிருந்து ஒரு எரிமலை, தகப்பனின் மடியில் ரயிலேறி வந்திருந்தது. தகப்பனுக்கு உணவகச் சமையலறையில் வேலை; அப்பச்சோடாவும் வினாகிரியும் அவருக்குக் கைப்பழக்கம். மகளிடம், "ஏன் பிள்ளை பொங்குது?" என்று கேட்டேன். தகப்பன் பதில் சொன்னார். "எப்பிடிச் செய்தனீர்?" அதற்கும் அவரே. எனக்குப் பொறுமை போய்விட்டது. "தம்பி, இதிலை பிள்ளையின்ரை பங்கு என்ன?" என்றேன்.

அவர் கொஞ்சமும் கூசவில்லை. "அண்ணை, வெடிக்கேக்கை பயந்தது அவள்தான்."

மின்குமிழ்

என்னோடு புள்ளி போட்டவர் அந்துவான் ஐயா. பாண்டிச்சேரிக்காரர், இங்கே தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அட்டைகளின் ஓரத்தை அடிமட்டம் வைத்து அளப்பார். பற்றரியில் குமிழ் எரித்துக் காட்டிய பிள்ளையிடம் நான், இந்த வெளிச்சம் தொழிலாளிக்குச் சொந்தமா முதலாளிக்கா என்று கேட்டு, விடையையும் நானே கால்மணி நேரம் விளக்கினேன். பற்றரி இறங்கிக் குமிழ் அணைந்தது.

அந்துவான் ஐயா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "மிசியே, கேள்விதான் கேக்கச் சொன்னாங்க, கூட்டம் போடச் சொல்லல."

பாண்

இன்னொரு புறநகரான திரான்சியிலிருந்து வந்த வாசுகிக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் நாலு இடத்தில் பேக்கரிப் பாண் துண்டு வைத்து, எது முதலில் பூசணம் பிடிக்கும் என்று தினமும் பார்த்து எழுதியிருந்தாள். சூடாக்கிக்கு மேலே இருப்பதுதான் என்பது அவள் ஊகம். அது காய்ந்து கல்லாகிவிட்டது. யன்னலோரத்துத் துண்டுதான் பச்சை பிடித்தது. அட்டையின் உச்சியில் பெரிய எழுத்தில், "நான் நினைச்சது பிழை" என்று எழுதியிருந்தாள்.

தோல்வியைத் தலைப்பாகப் போட்டு ஒரு இயக்கம் நடக்குமா? முடிவுக்கு இரண்டு புள்ளி போட்டேன். தாளை எட்டிப் பார்த்த அந்துவான் ஐயா பதறினார். மற்றக் கட்டமெல்லாம் அவளுக்கு நிறைவு. அந்த இரண்டோடு கோப்பை, தகப்பன் ஐந்து கட்டத்துக்கும் அட்டை எழுதி நாற்பத்தைந்து வாங்கிக்கொடுத்த எரிமலைக்குப் போய்விடும். "பிள்ளையையே கேளுங்க" என்றார்.

கேட்டேன். "பிழையெண்டு தெரிஞ்ச பிறகு, அட்டையை மாத்தி எழுதியிருக்கலாமே?"

அவள் என்மேல் பரிதாபப்பட்டுப் பார்த்தாள். "அட்டையை மாத்தலாம் மாமா, பாண் மாறாதே."

முப்பது வருடத் துண்டுப்பிரசுரங்களில் ஒரு வரியைக்கூடத் திரும்பப் பெறாத நான், அந்துவான் ஐயாவிடம் அழிறப்பர் வாங்கி இரண்டை ஒன்பதாக்கி, கோப்பையைத் திரான்சிக்கு அனுப்பிவைத்தேன். பத்துப் போட மட்டும் மனம் வரவில்லை.