இரண்டு முதுகுக்கு ஒரு பலகை

தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் பெண்களின் முதுகுவலிக்காக, குறைந்த செலவில் ஒரு மேசையும் நாற்காலியும் செய்தேன். நான் பொறியியல் கல்லூரி ஆசிரியை. சுந்தரபாண்டியபுரத்தில் மாரி அக்காவிடம் முதல் செட்டைக் கொடுத்துவிட்டுப் பெருமையோடு திரும்பினேன்.

பத்து நாள் கழித்துப் போனால், மேசைமேல் துவைத்த துணி குவிந்து கிடந்தது. அக்கா பழையபடி தரையில், மடியில் இலையும் புகையிலைத் தூளும் பரப்பிய சுளகோடு. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“வலி தாங்கலன்னு சொன்னீங்களே அக்கா, ஏன் நாற்காலில உக்காரல?”

“நல்லாத்தான் இருக்கு மேடம். நான் அதுல ஏறி உக்காந்துட்டா பேச்சி எங்க சாய்வா?”

அப்போதுதான் கவனித்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சி, அக்காவின் முதுகோடு முதுகு சாய்த்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வலிக்கு அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் அது.

“நீங்களும் இங்கன உக்காந்து பாருங்க” என்று பேச்சி எழுந்து இடம் விட்டாள்.

சாய்ந்தேன். அக்கா இலை எடுக்கும் ஒவ்வொரு அசைவும் என் முதுகில் தெரிந்தது. நான் தளர்ந்தபோது, அக்கா திரும்பிப் பார்க்காமலே லேசாக அழுத்தித் தாங்கினார்.

“நடுவுல இடுப்பு உசரத்துக்கு மட்டும் ஒரு பலகை போதும் மேடம். மேல முதுகு ஒட்டிக்கிட்டே இருக்கட்டும்” என்றார் அக்கா.

மூவரும் சேர்ந்து அளவெடுத்துச் செய்த அந்த அரைப்பலகை, இன்று அந்தத் தெருவில் பல வீடுகளில் இருக்கிறது.

என் பழைய வரைபடத்தையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். முழங்கை உயரம், கழுத்தின் சாய்வு, எல்லா அளவும் அதில் சரியாகவே இருக்கின்றன. ஆனால் அந்தப் படத்தில் உட்கார்ந்திருப்பது ஒரே ஒருத்திதான்.