டீக்காசு

மிளகாய்ப் பழம் செடியில் சிவந்து நின்றால் எனக்குத் தூக்கம் வராது. பறிக்காமல் விட்டால் வெம்பி உதிரும். மேலே ஒரு மழை விழுந்தால் விலையே போய்விடும். அந்த வருஷம் இரண்டு ஏக்கரும் ஒரே நேரத்தில் பழுத்துவிட்டது. மகளின் காலேஜ் கட்டணம் அதில்தான் இருந்தது. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மிளகாய்க் காட்டுப் பாடு முழுக்க என் தலையில்.

பறிக்கத்தான் ஆள் இல்லை. விடிந்ததும் வாலிநோக்கம் உப்பளத்து வேன் தெருமுனைக்கு வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அங்கே சம்பளம் கூட. எங்கள் ஊரிலோ ஊர்க்கூலி என்று ஒன்று உண்டு. காடு வைத்திருக்கிறவர்கள் கூடிப் பேசி வைத்த தொகை. அதற்கு மேல் கொடுத்தால் சொந்தக்காரனே முகம் கொடுத்துப் பேசமாட்டான். ஆனால் நாங்கள் கெட்டிக்காரர்கள். ஊர்க்கூலியைத் தொடாமல், டீக்காசு என்று கொஞ்சம் மேலே போட்டுக் கொடுப்போம். எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கமாட்டோம்.

பறிப்புக்கு ஆள் கூட்டி வருகிற பெண் என் வயதுக்காரி. உப்பளத்துக்குச் சமமாக வருகிற மாதிரி டீக்காசு சேர்த்துத் தருகிறேன் என்று அவளிடம் போய்ச் சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டாள். கைக்கு வருகிற தொகை ஒன்றுதானே, எந்தப் பெயரில் கொடுத்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டீக்காசுன்னா அது உங்க மனசப் பொறுத்ததுக்கா. மனசு மாறுச்சுன்னா டீயும் இல்ல, காசும் இல்ல. சம்பளம்னு சொல்லிக் குடுங்க, நாளைக்கே வாரோம்."

அதற்கு முந்தின வருஷம் என் கொழுந்தனார் பாதிப் பறிப்பில் டீக்காசை நிறுத்தியது எனக்குத் தெரியும். வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் வேன் வருகிற நேரத்துக்குத் தெருமுனைக்குப் போனேன். என் காட்டில் இனி சம்பளமே இவ்வளவு, டீக்காசு என்று ஒன்று கிடையாது என்று ஊர் கேட்கச் சொன்னேன். அவளுடைய ஆட்கள் வேனில் ஏறவில்லை. மத்தியானமே கொழுந்தனார் வரப்பில் வந்து நின்றார்.

"ஊர்க்கூலிய ஒடச்சுப்புட்டீகளே மதினி. இனி நாங்களும்ல குடுக்கணும்?"

குடுங்க என்றேன். ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்; அவர் வீம்புக்காகப் பழம் காத்திருக்குமா? கொடுத்தார். கூலி ஏறினால் விவசாயம் செத்துப்போகும் என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உரக்கடையில் சொன்ன விலையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு, குனிந்து பறிக்கிறவளிடம் மட்டும் பேரம் பேசுகிறோம். அந்த வருஷம் கூலி ஏறியதால் யாரும் காட்டை விற்கவில்லை. மகளும் காலேஜுக்குப் போனாள்.

அடுத்த வருஷம் பறிப்புக்கு முன்னால் ஆள் கூட்டி வருகிறவள் வீட்டுக்குப் போய் அதே தொகையைச் சொன்னேன். சிரித்தாள்.

"அது போன வருசச் சம்பளம்க்கா. பேச்சு அங்கன இருந்துல்ல தொடங்கணும்."

சுருக்கென்றது. டீக்காசாக இருந்திருந்தால் இப்படிக் கேட்க அவளுக்கு வழியே இருந்திருக்காது. கேட்பதற்குத்தான் சம்பளம் என்ற பெயரை வாங்கி வைத்திருக்கிறாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. அவள் விரித்த பாயில் உட்கார்ந்து, மேலே எவ்வளவு என்று கேட்டேன்.