துலூம் வாசலில் விட்ட செருப்பு

கடலில் எத்தனையோ கப்பல் போகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பேர், மூவாயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். அத்தனை கப்பலையும் விட்டுவிட்டு, மேலத்தெரு இராஜாங்கம் வந்து ஏறுவதற்குப் பரிதி வேலை பார்க்கிற கப்பல்தானா கிடைத்தது? அன்று காலையிலிருந்து பரிதி தனக்குள் இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

பரிதிக்கு வலங்கைமானுக்குப் பக்கத்தில் ஊர். மேட்டூர் திறக்காமல் நடவு நின்றுபோன வருஷங்களில், ஊர்ப் பையன்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். இவன் கும்பகோணத்தில் ஒரு வருஷம் கேட்டரிங் படித்துவிட்டு, சென்னையில் ஏஜென்ட் வாசலில் நாலு மாசம் காத்துக் கிடந்து, கப்பலேறிவிட்டான். ஆறு வருஷம் தட்டு கழுவினான். அடுத்த ஐந்து வருஷம் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறுகிறவனுக்குக் கையாள். எட்டு மாசம் கடல், இரண்டு மாசம் வீடு.

"உலகம் பூரா சுத்துறீங்களே, என்னதான் பாத்தீங்க?" என்று ஊருக்கு வரும்போதெல்லாம் மனைவி அம்சவல்லி கேட்பாள்.

"கழுவுற தொட்டியப் பாத்தேன். அது எப்படி இருக்கும்னு வேணா சொல்றேன், கேட்டுக்க."

மெக்சிகோ கரையில் துலூம் என்று ஓர் ஊர். கடலை ஒட்டிய பாறை மேல் மாயர்கள் என்கிற பழைய ஜனங்கள் கட்டிய கோயில்கள் இடிந்து கிடக்கின்றன. கப்பல் வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கம் நிற்கும். பயணிகள் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். பதினோரு வருஷத்தில் பரிதி ஒரு தடவைகூடப் போனதில்லை. இந்தத் தடவை, பயணிகளோடு துணைக்குப் போக ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். பதினாலு என்று நம்பர் எழுதிய அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைசி ஆளாக நடக்க வேண்டும். முப்பத்தெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போய், முப்பத்தெட்டுப் பேரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பரிதி பேர் கொடுத்தான்.

"ஒரு புகாரும் இல்லாமல் வந்து சேர். அடுத்த கான்ட்ராக்டில் நீயே பரிமாறுகிற மாதிரி தனி மேசை கொடுக்கச் சொல்லி எழுதுகிறேன்" என்றார் அவனுடைய சூப்பர்வைசர்.

பஸ்ஸில் ஏறினால், மூன்றாவது சீட்டில் இராஜாங்கம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, பக்கத்தில் அவர் வீட்டம்மா. மகன் அமெரிக்காவில் டாக்டர். அப்பா அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, அவன் பிள்ளைகளோடு நீச்சல் குளத்துக்குப் போய்விட்டான்.

இராஜாங்கம் இவன் சட்டையில் குத்தியிருந்த பேரைப் படித்தார்.

"பரிதியா? நம்ம பேரால்ல இருக்கு! எந்த ஊரு தம்பி?"

"கும்பகோணம் சார்."

"கும்பகோணத்துல எங்க?"

"வலங்கைமான் பக்கம் சார்."

"அட, நமக்கும் அங்கதான்! பக்கம்னா? குடமுருட்டி ஆத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?"

"சீட் பெல்ட் போட்டுக்குங்க சார்."

"போடுறேன், போடுறேன். யாரு வீட்டுப் புள்ள நீ? ஊர்க்காரனா இருந்துக்கிட்டு என்ன சாரு மோருன்னு?"

சார் என்று சொல்வது கப்பல் பழக்கம் மட்டும் இல்லை. அதை விட்டால் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று பரிதிக்குத் தெரியும். அவன் தாத்தா காத்தான் கூப்பிட்ட மாதிரி கூப்பிட வேண்டியிருக்கும். காத்தான் இராஜாங்கத்தின் அப்பா நிலத்தில் நாற்பது வருஷம் தண்ணீர் பாய்ச்சியவர். மேலத்தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். ஏழு வயதில் பரிதி, "ஏன் தாத்தா போட்டுக்கல?" என்று கேட்டதற்கு, "போட்டா தேஞ்சிடும்டா" என்றார். தெரு முனை தாண்டியதும் போட்டுக்கொண்டார். அங்கே மட்டும் தேயாதா என்று கேட்கிற வயது இவனுக்கு வருவதற்குள் அவர் படுக்கையில் விழுந்துவிட்டார்.

துலூமில் கோட்டைச் சுவர் மாதிரி ஒரு மதில். அதில் ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு வாசல். எல்லோரும் போய்விட்டார்கள். இராஜாங்கம் மட்டும் நின்று, செருப்பைக் கழற்றி, மதிலோரமாக ஜோடி சேர்த்து வைத்தார்.

"சார், இங்க கழட்ட வேண்டாம் சார். யாரும் கழட்டல பாருங்க."

"சாமி இருந்த எடம்ங்குறாங்க. யாரு சாமியா இருந்தா என்னப்பா? செருப்புக் காலோட போவ முடியுமா?"

வீட்டம்மா கழற்றவில்லை. "சாமி மன்னிச்சுடும். என் குதிகால் மன்னிக்காது" என்று நடந்துவிட்டார்.

உள்ளே போனதும் ஆரம்பித்தது பரிதிக்குத் தலைவலி. மற்ற முப்பத்தேழு பேர் வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு நடந்தால், இவர் ஒவ்வொரு கல்லுக்கும் நின்றார். "ஆறு எங்க?" என்றார். ஆறு கிடையாது, பூமிக்கடியில்தான் தண்ணீர் என்றான் வழிகாட்டி. "ஆறு இல்லாம எவன்யா ஊரு கட்டுவான்?" என்று பரிதியைக் கோபித்துக்கொண்டார், அவன்தான் கட்டின மாதிரி. ஒரு கோயில் முகப்பில் தலைகீழாக இறங்குகிற சாமி ஒன்று செதுக்கியிருந்தது. அதைப் பார்த்து, "தாராசுரத்துக் கல்லு வேல முன்னாடி இதெல்லாம் நிக்குமா?" என்று சொல்லிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். பரிதி எண்ணினான். முப்பத்தேழு. திரும்பிப் பார்த்தால், ஓணான் ஒன்று ஆட்டுக்குட்டி அளவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றார் முப்பத்தெட்டாவது ஆள்.

நடுவில் ஓர் அமெரிக்க அம்மாளின் தொப்பி காற்றில் பறந்து கீழே புதரில் விழுந்தது. பரிதி கயிற்றைத் தாண்டிக் குதித்து ஓடி எடுத்துக் கொடுத்தான். அந்த அம்மாள் கை தட்டினாள்.

வெளியே வருகிற வழி தெற்கு மதிலில். நுழைந்தது வடக்கு மதிலில். இது பரிதிக்குத் தெரியாது. அவனுக்கும் இதுதானே முதல் தடவை!

"தம்பி, செருப்பு!" என்றார் இராஜாங்கம்.

வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தான். பஸ் கிளம்ப இருபத்தைந்து நிமிஷம். பஸ் நிற்கிற இடம் ஒரு கிலோமீட்டர். செருப்புக் கடை இருப்பதும் அங்கேதான். அவன் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு நடந்துவிட்டான்.

வாசல் காவலாளி, வெளியே போனவர்கள் திரும்ப நுழையக் கூடாது என்றான். பரிதி சமையல்கட்டில் கற்ற ஸ்பானிஷில் கெஞ்சினான். கடைசியில் காவலாளி இவன் கழுத்தில் தொங்கிய ஊழியர் அட்டையைத் தட்டிக் காட்டினான். நீ மட்டும் போ, அவர் வரக் கூடாது, ஐந்து நிமிஷம்.

"என்னங்குறான்?"

"நான் மட்டும் போலாமாம் சார்."

"அப்பறம் என்ன? ஓடிப் போயி எடுத்துக்கிட்டு வந்துடு. பிரவுன் கலரு, வார் வச்சது."

அவர் அதட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். தொப்பிக்காரி கேட்காமலேயே ஓடிய கால்தான். இப்போது ஓர் அடி நகரவில்லை. பரிதிக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. போடா, ஐந்து நிமிஷ வேலை, புகார் வந்தால் தனி மேசை போச்சு என்று மனசு சொன்னது. பிரவுன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அந்த மதிலோரம் நடந்து வருகிற தன்னையும் அதே மனசு காட்டியது.

பரிதி அங்கே கிடந்த கல் மேல் உட்கார்ந்தான். தன் கறுப்பு ஷூவின் லேஸை அவிழ்த்தான். இரண்டையும் கழற்றி அவர் கால்களுக்கு முன்னால் வைத்தான்.

"இதப் போட்டுக்குங்க சார்."

"ஒன்னுதா? எதுக்கு? அங்க என்னுது சும்மா கெடக்கு."

"அத எடுத்தார என்னால ஆவாது சார்."

"ஏன்?"

"யாரு வீட்டுப் புள்ளைன்னு காலையிலேர்ந்து கேட்டீங்கள்ல? காத்தான் பேரன். ஒங்க வயலுக்குத் தண்ணி பாத்த காத்தான்."

இராஜாங்கம் ஷூவைப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கல் பரப்பிய பாதையைப் பார்த்தார். அது பன்னிரண்டு மணி வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்து கிடந்தது. அவர் இதற்குள்ளேயே ஒரு காலை மாற்றி ஒரு காலை ஊன்றிக்கொண்டுதான் நின்றார். மறுபடி ஷூவைப் பார்த்தார்.

"என்ன யோசன? போடுங்க. பஸ்ஸு போயிடும்" என்றார் வீட்டம்மா.

"உள்ள ஈரமா இருக்கு."

"வேர்வ சார். என்னுதுதான்."

இராஜாங்கம் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக நுழைத்தார். அவருக்கு ஏழாம் நம்பர் கால். ஷூ ஒன்பது. தொப்புத் தொப்பென்று நடந்தார்.

பரிதி சாக்ஸோடு பின்னால் போனான். சித்திரை வெயிலில் வரப்பில் ஓடிய கால்தானே என்று நினைத்தது தப்பு. பதினோரு வருஷம் கப்பலில் ஷூவுக்குள்ளேயே இருந்து பாதம் பூஞ்சையாகிவிட்டிருந்தது. பத்து அடிக்கு ஒரு நிழல் தேடினான். வழிகாட்டியைத் திட்டினான். போக ஒரு வாசல், வர ஒரு வாசல் என்று வைத்த மகராசனையும் விடவில்லை.

ஆறு நிமிஷம் லேட். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் இவனைத்தான் பார்த்தார்கள். இராஜாங்கம் சீட்டில் சாய்ந்தவர் ஷூவோடு தூங்கிப்போனார். கப்பல் வந்ததும் மகனும் பேரப்பிள்ளைகளும் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு லிஃப்டில் ஏறிவிட்டார்கள். ஷூவும் ஏறிவிட்டது.

ஐந்தரைக்கு ஷிஃப்ட். வழுக்காத ஷூ இல்லாமல் சமையல்கட்டில் கால் வைக்க விடமாட்டார்கள். இன்னொரு ஜோடி போன வாரம்தான் பிளந்துபோய்க் குப்பைக்குப் போயிருந்தது.

"ஷூ எங்கே?" என்றார் சூப்பர்வைசர்.

"ஒரு பயணியின் காலில்."

"குடித்திருக்கிறாயா?"

ஐந்து இருபதுக்கு, ஊழியர்கள் மட்டும் போகிற கதவை யாரோ தட்டினார்கள். பரிதி திறந்தான். கப்பலில் கொடுக்கும் வெள்ளைத் துணிச் செருப்போடு இராஜாங்கம் நின்றார். கையில் ஷூ. இரண்டு லேஸையும் சேர்த்து முடிந்து தொங்கவிட்டிருந்தார். அஞ்சு மாடி இறங்கி, தேநீர் குடிக்கிற கும்பலுக்கு நடுவில் அப்படியே வந்திருக்கிறார்.

"யார்கிட்டயாவது குடுத்து அனுப்பியிருக்கலாம்ல சார்?"

"பையன் கொண்டுபோறேன்னான். நாந்தான்…" என்று நிறுத்தினார். பிறகு காலைத் தூக்கிக் காட்டினார். குதிகாலில் கொப்புளம். "கடிச்சிடுச்சுப்பா. நல்லதா ஒண்ணு வாங்கிப் போடக் கூடாதா?"

"கப்பல்ல குடுக்குறது சார்."

"ம்." போகத் திரும்பியவர் நின்றார். "காத்தான் இருக்காரா?"

"இல்ல சார். பன்னெண்டு வருஷம் ஆச்சு."

தலையை ஆட்டிக்கொண்டார். "டூரு எப்படி இருந்துச்சுன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க. எழுதிப் போட்டுட்டேன்."

பரிதி ஷூவை வாங்கிக்கொண்டான். "என்ன எழுதுனீங்க?"

"செருப்பு விடுறதுக்கு ஒரு எடம் வேணும்னு."

"அது புகாரு சார்!"

"பின்ன? சொன்னாத்தான செய்வாங்க?"

அவர் போய்விட்டார். உள்ளேயிருந்து சூப்பர்வைசர் இவன் பேரைச் சொல்லிக் கத்தினார். பரிதி தரையில் உட்கார்ந்து லேஸை அவிழ்க்கப் பார்த்தான். வரவில்லை. நெல் மூட்டையை இறுக்குகிற மாதிரி, இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சாகப் போட்டு வைத்திருந்தார் மனுஷன். வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே பரிதி அதைப் பல்லால் கடித்து இழுத்தான்.