பெர்னடெட்டும் வாசல் சென்சாரும்

பெர்னடெட்டை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈப்போ குனோங் ராபாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் கிடையாது. குப்பை லாரிக்காரன், தபால்காரன், அவளுடைய தம்பி மனைவி ஏஞ்சலா, எதிர்வீட்டு நஜீமாவாகிய நான். தோட்டத்து லயத்தில் பிறந்து, தாயில்லாமல் வளர்ந்து, ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக உயர்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சூப்பர்வைசர்தான்.

அவளுக்கு உலகத்தில் ஒரே ஆள், அப்பா சவரிநாதன். மறதி நோய் முற்றிப்போய், மனிதர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவார். தெருமுனையில் பெரிய சாலை. பூட்டிவைத்துப் பார்த்தார்கள், இரும்புக் கிரில் கதவில் தலையை மோதிக்கொண்டார். அதனால்தான் வாசலில் சென்சார் மாட்டினாள். கதவு திறந்தால் அவள் போனும், பின்கட்டில் சமைத்துக்கொண்டிருக்கும் ஏஞ்சலாவின் போனும் அலற வேண்டும்.

அலறவில்லை. வீட்டு இணைய இணைப்பு அறுந்துகொண்டே இருந்தது. மாட்டிக்கொடுத்த கிளென் வந்து பேட்டரி மாற்றினான். இரும்பு அலையைத் தடுக்கிறது என்று சென்சாரைக் கிரில்லிலிருந்து மரச்சட்டத்துக்கு மாற்றினான். மோடத்தை இரும்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து எடுத்து ஹாலில் வைத்தான். காலையில் ஒழுங்காக வேலை செய்யும். சாயங்காலமானால் செத்துப்போகும். ஏமாற்றுக்காரன் என்று பெர்னடெட் தெருவே கேட்கத் திட்டுவாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் இடியோடு நல்ல மழை. கடையிலிருந்து திரும்பும்போது பார்க்கிறேன், பெரிய சாலை ஓரத்தில் கிழவர் தெப்பமாக நனைந்து நிற்கிறார். விரிக்காத குடை கக்கத்தில். ஒரு லாரி அவரை உரசிக்கொண்டு போனது. ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

“எங்க போறீங்க அங்கிள்?”

“பள்ளிக்கூடம் விட்டுரும்,” என்றார். ஏதோ உளறுகிறார் என்று கூட்டிவந்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் பெர்னடெட் கிளெனை வரவழைத்தாள். சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டாள். நன்றி சொல்வாள் என்று போனேன். “எதிர்வீட்லதானே இருக்கே, நீ ஏன் முன்னாடியே பாக்கல?” என்றாள். அறையலாம் போல இருந்தது.

“சாமான் ரோசாக் இல்லக்கா,” என்றான் கிளென். “வீட்டு லைன்தான் அறுந்து அறுந்து போவுது.”

“கெட்டுப்போகாத சாமான் ஏன்டா கத்தல? எங்கப்பா செத்திருந்தா நீயா வந்து தூக்குவே?” என்றவள் ஏஞ்சலா பக்கம் திரும்பினாள். “ஒனக்குச் சோறு போடுறது எதுக்கு? ஒரு மனுசன பாத்து ஜாகா பண்ண முடியல?”

ஏஞ்சலா அழுதாள். அப்போது மலைப்பக்கம் இடி உருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போனாள், மோடம் பிளக்கைப் பிடுங்கினாள், திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கிளென் பிளக்கையே பார்த்தான். “என்னக்கா செஞ்சீங்க?”

“இடி இடிச்சா கழட்டணும்லா. எப்பவும் கழட்டுவேன்.”

“அறிவு இருக்கா ஒனக்கு? யாரு கழட்டச் சொன்னா?” என்று பெர்னடெட் பாய்ந்தாள்.

“நீங்கதான்க்கா. அன்னிக்கு இடி விழுந்து மோடம் வெந்துச்சே, இனிமே இடிச்ச ஒடனே கழட்டலன்னா வீட்ட விட்டுப் போடின்னு சொன்னீங்க.”

ஈப்போவில் இடி இல்லாத சாயங்காலம் குறைவு. நானும் பிடுங்குகிறவள்தான். மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி வைத்தால் பிளக்கைப் பிடுங்கினாலும் லைன் ஓடும் என்றான் கிளென். பெர்னடெட் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டதில் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. இதை ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்று அவன்மேல் பாயப் பெர்னடெட் வாயைத் திறந்தாள்.

மறுபடி இடித்தது. சவரிநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார். மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். எந்தப் போனும் சத்தம் போடவில்லை. பெர்னடெட் குறுக்கே போய் நின்றாள்.

“தள்ளு! யாரு நீ?” என்று அவளை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். “மழ வருது. எம்பொண்ணு பெர்னடெட் பள்ளிக்கூடத்துல தனியா நிக்கும். இடின்னா அதுக்குப் பயம்.”

ஏஞ்சலாவிடம் பெர்னடெட் மன்னிப்புக் கேட்கவில்லை. போனை மேசைமேல் வைத்தாள். அப்பாவின் கையிலிருந்த குடையை வாங்கி விரித்தாள்.

“வாங்க, போயி கூட்டிக்கிட்டு வரலாம்,” என்றாள்.

ஏஞ்சலா போய்ப் பிளக்கை மாட்டினாள். இருவரும் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கிய பிறகு, கதவு திறந்திருக்கிறது என்று பெர்னடெட்டின் போன் அலற ஆரம்பித்தது.