மருந்து கலந்த மல்லாட்டை

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். விழுப்புரத்தில் எந்த குடோனுக்கு மூட்டை தூக்க வந்தேனோ, அதே குடோனுக்கு இன்றைக்கு டிஸ்ட்ரிபியூஷன் மேனேஜர். யாரும் தூக்கிவிடவில்லை, நானே வந்தேன். டிகிரி படித்தவர்கள் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பதற்குள் இரண்டு வண்டி ஏற்றி அனுப்பிவிடுவேன். மூட்டையில் இருக்கிற சீட்டையெல்லாம் படித்துக்கொண்டு நிற்க மாட்டேன். சாக்கு வாய் தைத்த நூலைப் பார்ப்பேன், அவ்வளவுதான். சிவப்பு நூல் என்றால் பூச்சி மருந்து கலந்த விதை மல்லாட்டை. வெள்ளை நூல் என்றால் தின்கிற மல்லாட்டை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது.

போன மாசம் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். கோலியனூர் விதைக் கடைக்காரர் போன் பண்ணினார்.

"என்னா மேனேஜரே, பத்து மூட்டை வெதை கேட்டா எட்டுதான் எறங்கிருக்குது? மீதி ரெண்டை நீங்களே வெதைச்சிட்டீங்களா?"

சிவப்பு நூல் எட்டுதான் இருந்தது. எங்களுக்கு விதை அனுப்புகிற கம்பெனிக்காரன் குறைத்து அனுப்பிவிட்டான் என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். இப்போது அவன் பில்லை எடுத்துப் பார்த்தேன். பத்து. அப்படியானால் இரண்டு மூட்டையை வெள்ளை நூலில் தைத்திருக்கிறார்கள். வெள்ளை நூல் மூட்டை மொத்தத்தையும் திண்டிவனத்தில் மல்லாட்டை உருண்டை பிடிக்கிற ஒரு அம்மா வீட்டுக்கு ஏற்றிவிட்டிருந்தேன்.

உடனே போன் போட்டேன். அந்த அம்மா போனை எடுக்கவில்லை. வண்டி டிரைவர் எடுத்தான். "எட்டரைக்கே எறக்கிட்டேண்ணே. அடுப்பு எரிஞ்சிக்கினு இருந்துச்சு."

காரை எடுத்துக்கொண்டு பறந்தேன். விக்கிரவாண்டி டோல்கேட்டில் முன்னால் பத்து வண்டி. அந்த உருண்டையை வாங்கித் தின்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை.

வாசலில் இறங்கும்போதே கத்தினேன். "யாரும் தொடாதீங்க! அது வெதை, மருந்து போட்டது!"

உருண்டை பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை உதறினார்கள். சாக்குகளில் சீட்டைத் தேடிப் பார்த்தேன். ஒரு விதை மூட்டை பிரிக்காமல் கிடந்தது. இன்னொன்று பாதி காலி. தட்டுத் தட்டாக உருண்டை.

"ஒண்ணுகூட வெளிய போவல பெரியவரே" என்றார் அந்த அம்மா. எனக்கு மூச்சு வந்தது.

வறுக்கிற பெண் கரண்டியோடு நின்றாள். "அதான் கசந்துச்சா?" என்றாள். பதம் பார்க்க, சட்டியில் கொட்டி வறுக்கிற ஒவ்வொரு ஈட்டுக்கும் நாலு பருப்பை வாயில் போடுகிறவள் அவள்.

"எத்தினி ஈடும்மா?"

"அஞ்சு."

சாக்கில் மருந்துப் பேர் போட்டிருந்த சீட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனேன். டாக்டர் சீட்டைப் படித்துவிட்டு, சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும் என்றார். அவள் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அவள் வீட்டுக்காரர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொழைச்சிக்குவாளா சார்?" எந்தச் சரக்கு எந்த ரோட்டில் போகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன், டாக்டர் ரூம் கதவையே பார்த்தேன். அவள் கண்ணை மூடினால் மூச்சு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்த்தேன். திறந்தால் நிமிர்ந்தேன்.

ஆறு மணிக்கு மேல் டாக்டர் வந்து பார்த்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அவள் எழுந்து முடியைக் கட்டிக்கொண்டே என்னைக் காட்டினாள். "டாக்டர், ஒரு ஊசி இவருக்குப் போட்டு அனுப்புங்க. காலையிலேர்ந்து என்னைப் பொணம் பாக்கற மாரியே பாத்துக்கினு கீறாரு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் எழுந்தேன். டாக்டரிடமிருந்து அந்தச் சீட்டைத் திருப்பி வாங்கி, முதல் எழுத்திலிருந்து படித்தேன்.